பிலாட்டுஸ் தொப்பி போட்டிருக்கிறதா

செப்டம்பர் 2, திங்கள்

காலையில் திரையை விலக்கினேன். என் புருஷன் காஸ்பர் கட்டிலில் இருந்தபடியே பார்த்துவிட்டு, "தொப்பி இல்ல" என்றான். நல்ல நாள்.

பக்கவாதத்துக்குப் பிறகு அவன் வாயிலிருந்து முழுசாக வரும் பேச்சு இது ஒன்றுதான். எதிரே பிலாட்டுஸ் மலையின் உச்சியில் மேகம் உட்கார்ந்திருந்தால் "தொப்பி இருக்கு". இல்லாவிட்டால் "தொப்பி இல்ல". மற்றதெல்லாம் பாதிப் பாதியாக வரும், மீதியை நான் ஊகிக்க வேண்டும். ஊகம் தப்பினால் முறைப்பான். இதற்காகத்தான் கட்டிலை முன்னறையில் பெரிய ஜன்னலுக்கு நேரே போட்டோம்.

பிளம் பழங்கள் விழுந்து வீணாகின்றன. கேக் செய்ய வேண்டும்.

செப்டம்பர் 5

கம்பம்.

கீழ்ப்பக்கத்து வீட்டுப் புல்வெளியில் காலையிலேயே இரண்டு ஆட்கள் உயரமான கம்பங்களை நட்டுக்கொண்டிருந்தார்கள். வெர்னர், ஆக்னெஸ் இடம் அது. மதியத்துக்குள் நான்கு மூலைக்கும் நட்டு, மேலே குறுக்குச் சட்டமும் கட்டிவிட்டார்கள். இங்கே வீடு கட்டுகிறவர்கள் முதலில் அந்த உயரத்துக்குக் கம்பம் நட்டு ஊருக்குக் காட்ட வேண்டும். இத்தனை வருஷத்தில் எத்தனையோ கம்பம் பார்த்திருக்கிறேன். எல்லாம் அடுத்தவர் ஜன்னலுக்கு முன்னால்.

கட்டிலருகே முட்டி போட்டு, காஸ்பரின் தலையணை உயரத்தில் கண்ணை வைத்துப் பார்த்தேன். கூரையைக் காட்டும் சட்டம் மலை உச்சிக்கும் மேலே ஓடுகிறது. கொஞ்சம்கூட மிச்சமில்லை.

காஸ்பரும் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். ஊராட்சியின் கட்டடக் குழுவில் வருஷக்கணக்காக இருந்தவன் அல்லவா. கடைசியில், "நேரா... நட்டிருக்கான்" என்றான்.

அவனை அடிக்கலாம் போலிருந்தது.

செப்டம்பர் 6

நேற்று முன்தினம்தான் ஆக்னெஸ் வேலி ஓரம் நின்று அரைமணி நேரம் நத்தைகளைப் பற்றிப் பேசினாள். கீரைப் பாத்தியை நத்தை தின்கிறதாம். கம்பத்தைப் பற்றி ஒரு வார்த்தை? கிடையாது!

ஊர் அறிவிப்பிதழில் போட்டிருக்கிறார்கள். இவர்களுக்கு அதுதான் சொல்வது. அச்சில் வந்துவிட்டால் சொன்னதாகிவிடும். எங்கள் போர்ச்சுகலில் ஒரு ஆணி அடிப்பதென்றாலும் தெருவே கூடி ஆளுக்கொரு யோசனை சொல்லும். இந்த ஊர் ஓட்டலில் தட்டு எடுக்க வந்த நாளிலிருந்து இவர்களோடு இருக்கிறேன், இவர்களில் ஒருவனையே கட்டிக்கொண்டேன், இந்த மௌனம் மட்டும் எனக்குப் பழகவில்லை.

செப்டம்பர் 8, ஞாயிறு

சண்டை போடத்தான் போனேன். கையில் பிளம் கேக் எடுத்துக்கொண்டு போனது தப்பு. கேக்கோடு போய் எப்படிச் சண்டை போடுவது?

ஆக்னெஸ் மேஜை விரிப்பை மாற்றினாள். வெர்னர் காபி ஊற்றினார். அவர்கள் மகள் சிமோனுக்காகக் கட்டுகிறார்களாம். இரட்டைக் குழந்தைகள் பிறந்திருக்கின்றன, பாசெல் நகரத்தில் இருக்கும் வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்களாம்.

"இந்த ஏரிப் பக்கம் இடம் வாங்க யாரால முடியுது? எங்ககிட்ட இருக்கிறது இந்தப் புல்வெளிதான்" என்றார் வெர்னர்.

"ஆமா" என்றேன்.

"காஸ்பர் எப்படி இருக்காரு?" என்று கேட்டாள் ஆக்னெஸ்.

"நல்லாத்தான் இருக்காரு."

எழுந்து வரும்போது காபிக்கு நன்றி வேறு சொன்னேன். வேலியைத் தாண்டியதும் எனக்கே என் மேல் எரிச்சல் வந்தது. வாயாடி டெல்ஃபீனா என்று ஓட்டலில் பேர் எடுத்தவள் நான்.

செப்டம்பர் 15

ஆட்சேபணை எழுதிக் கொடுக்கலாம். ஒரு மாதம் தவணை இருக்கிறது. ஊராட்சி அலுவலகத்தில் விசாரித்தேன். மலை தெரியவில்லை என்பதெல்லாம் செல்லாது, பார்வைக்குச் சட்டத்தில் உரிமை கிடையாது என்றாள் அங்கிருந்த பெண். ஆனால் எல்லை இடைவெளி சரியில்லை, மழைத்தண்ணீர் எங்கள் பக்கம் வரும் என்று ஏதாவது எழுதினால் போதும். தோற்றுப் போவோம். ஆனாலும் காகிதம் மேஜைக்கு மேஜை போய்வர ஒரு குளிர்காலம் ஓடிவிடும்.

எனக்கு அந்தக் குளிர்காலம்தான் வேண்டும். அதற்கு மேல் காஸ்பர் தாங்குவது கஷ்டம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

காஸ்பரிடம் சொன்னேன். அவன் முகத்தின் நல்ல பாதி சிவந்துவிட்டது. "பொய்" என்றான். பிறகு மறுபடியும், "பொய்... ஆட்சேபணை... இல்ல!"

குழுவில் இருந்த காலமெல்லாம், இழுத்தடிப்பதற்காக ஆட்சேபணை எழுதுகிறவர்களை ராத்திரிச் சாப்பாட்டு மேஜையில் திட்டித் தீர்ப்பான். இப்போது என் வீட்டிலிருந்தே ஒன்று போனால் அவனுக்கு எப்படி இருக்கும்?

சரிதான். ஆனா உனக்காகத்தானேடா எழுதப் போறேன்! உனக்காகத்தானே!

செப்டம்பர் 21, சனி

சொல்லிவிட்டேன். இந்த ஊரில் யாரும் செய்யாததைச் செய்துவிட்டேன்.

காலி பாட்டில் போடும் இடத்தில் ஆக்னெஸ் நின்றிருந்தாள். வெள்ளை பாட்டில் ஒரு துளையில், பச்சை ஒரு துளையில், பழுப்பு ஒரு துளையில் என்று நிதானமாகப் போட்டுக்கொண்டிருந்தாள். நானும் போட ஆரம்பித்தேன். திடீரென்று வாய் தானாகத் திறந்துகொண்டது.

"ஆக்னெஸ், அவருக்கு இந்தக் குளிர்காலம்தான்னு டாக்டர் சொல்லிட்டாரு. அந்த மலையைப் பார்த்துக்கிட்டுதான் படுத்திருக்காரு. வேற ஒண்ணும் இல்ல அவருக்கு. குளிர்காலம் போற வரைக்கும் கட்டாம இருக்க முடியுமா?"

ஆக்னெஸ் என்னைப் பார்க்கவில்லை. கழுத்து வரை சிவந்துபோனாள். கையில் இருந்த பச்சை பாட்டிலைப் பழுப்புத் துளையில் போட்டாள். ஆக்னெஸ்! நிறம் மாற்றிப் போட்டவர்களைப் பற்றி ஊராட்சிக்குப் புகார் செய்தவள்.

"நீ இதை எழுதிக் குடுத்திருக்கலாமே, டெல்ஃபீனா" என்றாள் மெதுவாக.

"எழுதினா பொய்யா எழுதணும்."

பையை மடித்தாள், நல்ல வார இறுதியாக அமையட்டும் என்றாள், போய்விட்டாள்.

இனி முகத்தில் எப்படி விழிப்பது?

அக்டோபர் 6

தவணை முடிந்தது. நான் எழுதவில்லை. காஸ்பருக்குத் தெரியும், கேட்கவில்லை.

தொப்பி இருக்கு.

நவம்பர் 14

அனுமதி வந்துவிட்டது. கம்பங்களைப் பிடுங்கி வண்டியில் ஏற்றிப் போனார்கள். மலை பழையபடி முழுசாகத் தெரிகிறது. அதைப் பார்க்கத்தான் எனக்குப் பிடிக்கவில்லை. அடுத்து வருவது தோண்டும் இயந்திரம். உறைபனிக்கு முன்னால் அடித்தளம் போட வேண்டும் என்று அன்றைக்குக் காபி குடிக்கும்போது வெர்னரே சொன்னார்.

நவம்பர் 30

இயந்திரம் வரவில்லை.

வேலி ஓரம் ஆக்னெஸ், "குளிர் வந்திடுச்சு" என்றாள். நான், "ஆமா, வந்திடுச்சு" என்றேன். பாட்டில் போட்ட அன்றைக்குப் பிறகு இவ்வளவுதான் பேச்சு.

டிசம்பர் 11

இன்றும் வரவில்லை. சாயங்காலம் வெர்னர் பனி வாரிக்கொண்டிருந்தார். நடுவில் நிமிர்ந்து எங்கள் ஜன்னலைப் பார்த்தார். நேற்றும் பார்த்தார்.

எனக்கு இப்போதுதான் உறைத்தது. காத்திருக்கிறார்கள். என் புருஷன் எப்ப போவான்னு பார்த்துக்கிட்டு இருக்காங்க! நானே வாயைத் திறந்து குளிர்காலம் என்று கெடு சொல்லிக் கொடுத்தேன். நன்றாக வேண்டும் எனக்கு. திரையை இழுத்துவிட்டேன். காஸ்பர் கத்தினான். மறுபடியும் திறந்தேன்.

டிசம்பர் 25

காஸ்பர் இரண்டு வாய் சாப்பிட்டான். போதும்.

ஜனவரி 12

எழுதக் கை வரவில்லை, ஆனாலும் எழுதுகிறேன்.

பிளம் கேக் கொண்டுபோன தட்டு செப்டம்பரிலிருந்து அவர்கள் வீட்டில் கிடக்கிறது. காஸ்பருக்குச் செவிலி வந்திருந்த நேரத்தில் கேட்டு வாங்கப் போனேன். "கீழ நிலவறையில வச்சிருக்கேன், வா" என்று ஆக்னெஸ் முன்னால் இறங்கினாள். பிறகு ஏதோ நினைத்துக்கொண்டு படியிலேயே நின்றாள். ஆனால் நான் பார்த்துவிட்டேன்.

போர் வந்தால் ஒளிந்துகொள்ள வீட்டுக்கு வீடு ஒரு பதுங்கு அறை இருக்கிறதே, கனத்த சிமென்ட் கதவோடு, அதில் எங்கள் வீட்டில் வைன் பாட்டிலும் பனிச்சறுக்குக் கட்டையும் கிடக்கின்றன. இவர்கள் அறையில் இரண்டு தொட்டில்கள். சிமோனும் அவள் புருஷனும் படுக்கும் மெத்தை. காற்று வரும் குழாய்க்குக் கீழே குழந்தைத் துணி காய்கிறது. ஜன்னல் கிடையாது. ஒரு குழந்தை இருமிக்கொண்டே தூங்கியது.

"எப்ப வந்தாங்க?" என்று கேட்டேன்.

"அக்டோபர்ல. அங்க காலி பண்ணியாச்சு இல்லையா."

"மேல ரூம் இல்லையா?"

"மேல இருக்கிறது ரெண்டே ரூம். வெர்னரோட அம்மா ஒண்ணுல படுத்திருக்காங்க." பிறகு என் முகத்தைப் பார்க்காமல், "கொஞ்ச நாளைக்குத்தானே. இங்க கதகதப்பாத்தான் இருக்கு" என்றாள்.

தட்டைத் துடைத்துக் கொடுத்தாள். வாங்கிக்கொண்டு படியேறினேன்.

எனக்காகத்தான் கட்டாமல் இருக்கிறார்கள். பாட்டில் போடும் இடத்தில் நான் கேட்டதற்காக. சரி என்றுகூடச் சொல்லாமல், எதையும் காட்டிக்கொள்ளாமல் இப்படி ஒரு காரியம். நான் என்னவெல்லாம் நினைத்துவிட்டேன்.

ஜனவரி 13

கட்டுங்கள் என்று சொல்ல வேண்டும். சொன்னால் அவன் மலை போய்விடும். சொல்லாவிட்டால் அந்தக் குழந்தை அங்கேயே இருமும். காத்திருக்கட்டும் என்றால், எதற்குக் காத்திருப்பது? அதை நான் மனசில்கூட நினைக்கக் கூடாது. ஆனால் நினைத்துவிட்டேன்.

நான் என்ன செய்ய? யாராவது சொல்லுங்களேன்.

ஜனவரி 19

வாயைத் திறக்கவே இல்லை. வேலிப் பக்கமே போகவில்லை.

பிப்ரவரி 2

காஸ்பரிடம் சொல்லிவிட்டேன். அவனுக்குச் சவரம் செய்துகொண்டிருந்தபோது கண்ணீர் சோப்பு நுரையில் விழுந்தது. என்ன என்று புருவத்தைத் தூக்கினான். எல்லாவற்றையும் கொட்டினேன் — பாட்டில், பதுங்கு அறை, இருமல்.

கண்ணை மூடிக்கொண்டான். தூங்கிவிட்டான் என்று நினைத்து முகத்தைத் துடைத்தேன்.

"திருப்பு" என்றான்.

"என்னத்தை?"

"கட்டில்."

புரியாத மாதிரி நின்றேன். நல்ல கையால் அடுப்படிப் பக்கம் காட்டினான். "மலை... பாத்தாச்சு. உன்னை... பாக்கறேன்."

சக்கரத்தின் பூட்டை விடுவித்துத் திருப்பினேன். கட்டில் மூலையில் இடித்துக்கொண்டது, அவன் திட்டினான். இப்போது அவனுக்குத் தெரிவது குளிர்பெட்டியும் அடுப்பும் என் முதுகும்தான். குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் கழுவுகிற சாக்கில் அழுதேன்.

பிப்ரவரி 3

ஆக்னெஸைக் கூப்பிட்டு வேலி ஓரம் சொன்னேன். நேராகச் சொல்லவில்லை. நானும் இந்த ஊர்க்காரி ஆகிவிட்டேன் போலிருக்கிறது.

"காஸ்பரோட கட்டிலைத் திருப்பிப் போட்டாச்சு. ஜன்னல் இப்ப அவர் முதுகுப் பக்கம்."

ஆக்னெஸ் கொஞ்ச நேரம் கையுறையைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தாள்.

"அப்ப அவருக்கு என்ன தெரியுது?"

"அடுப்படி."

"அடுப்படியும் நல்லாத்தான் இருக்கும்" என்றாள்.

மார்ச் 10

தோண்டும் இயந்திரம் வந்தது. வெர்னர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் வீட்டைப் பார்த்தபடி நின்றார். நான் கையசைத்தேன்.

சத்தம் கேட்டதும் காஸ்பர் கட்டில் கம்பியைத் தட்டினான். "திருப்பு! திருப்பு!" பயந்துபோய் ஓடினேன். வேடிக்கை பார்க்க வேண்டுமாம். கட்டடக் குழு ஆள் எங்கே போவான்? மறுபடியும் ஜன்னல் பக்கம் திருப்பினேன். நாள் முழுக்க மலையை விட்டுவிட்டு அந்தக் குழியையே பார்த்தான். ஓட்டுகிறவன் மண்ணைத் தப்பான பக்கம் கொட்டுகிறானாம். "கழுதை" என்றான், தெளிவாக.

ஏப்ரல் 27

டாக்டர் சொன்ன குளிர்காலம் போய்விட்டது. காஸ்பர் மெலிந்துகொண்டே வருகிறான். நான் கொடுப்பது எதுவும் உடம்பில் ஒட்டவில்லை. சுவர் எழும்பியிருக்கிறது. மலையின் கால் போய்விட்டது. தலை இருக்கிறது.

ஜூன் 13, வெள்ளி

மரச்சுவர்களைக் கிரேனில் தூக்கி வந்து நிறுத்தினார்கள். கூரைச் சட்டமும் ஏறிவிட்டது. வழக்கப்படி உச்சியில் ஒரு சின்ன ஃபிர் மரத்தை ரிப்பன் சுற்றிக் கட்டி, தச்சர்களுக்குக் கீழே பொரித்த சாசேஜும் பீரும் கொடுத்தார்கள். மலை இல்லை. அது இருந்த இடத்தில் ரிப்பன் ஆடுகிறது.

வெர்னர் ஒரு தட்டில் சாசேஜும் உருளைக்கிழங்கு சாலடும் எடுத்துக்கொண்டு வந்தார். கட்டில் பக்கத்தில் நின்றார். இரண்டு பேரும் கூரையைப் பார்த்தார்கள்.

காஸ்பர் ஒரு விரலைத் தூக்கினான். "கம்பத்தைவிட... ஒரு விரல்... உசரம்."

வெர்னர் வெளுத்துப்போனார். "இருக்காது காஸ்பர்! அளந்து பார்த்தோமே—"

"டெல்ஃபி... எழுது... ஆட்சேபணை."

முகத்தின் நல்ல பாதி சிரித்துக்கொண்டிருந்தது. வெர்னருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் நாற்காலியில் உட்கார்ந்து, முகத்தைக் கையால் மூடிக்கொண்டு, சிரித்தாரா அழுதாரா என்று தெரியவில்லை.

ஜூன் 30

பக்கவாதம் இன்னொரு தடவை வந்துவிட்டது. சின்னதுதான் என்கிறார் டாக்டர். ஆஸ்பத்திரி வேண்டாம் என்று முன்பே எழுதி வைத்திருக்கிறான். பேச்சு சுத்தமாக நின்றுவிட்டது. காலையில் திரையை விலக்கினேன். கூரையைப் பார்த்தான். வாய் அசைந்தது. சொல்வதற்கு அங்கே என்ன இருக்கிறது?

ஜூலை 3

குளியலறைக் குட்டி ஜன்னலில் ஒட்டடை அடிக்கக் குளியல் தொட்டியின் விளிம்பில் ஏறி நின்றேன். சிமோன் வீட்டுக் கூரைக்கும் எங்கள் பேரிக்காய் மரத்துக்கும் நடுவே, கை அகலத்துக்கு, பிலாட்டுஸ். உச்சி மட்டும்.

ஓடிப் போய் அவனிடம் சொல்ல வாயெடுத்து நின்றுவிட்டேன். இந்தத் தொட்டி மேல் அவனை எப்படி ஏற்றுவது? கட்டில் இந்த வாசலில் நுழையாது.

ஜூலை 4

காலையில் திரையை விலக்கினேன். பிறகு குளியலறைக்குப் போய்த் தொட்டி மேல் ஏறிப் பார்த்துவிட்டு வந்தேன். கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து அவன் கையை எடுத்து வைத்துக்கொண்டேன்.

"தொப்பி இல்ல" என்றேன்.

என் உள்ளங்கைக்குள் ஒரு விரல் அசைந்தது. நல்ல நாள்.