கரையில் நீ வைத்துப்போன ஓலை

இன்று காலை அண்டாவில் பனங்குருத்தோலை கொதித்தது. மூடியைத் திறந்ததும், பச்சை நெல் அவிக்கிறாற்போல அந்த ஆவி முகத்தில் வந்து படிந்தது. கிளறிக்கொண்டிருந்த என் மருமகள், "கண்ணு கலங்குதே மாமி, புகையா?" என்று கேட்டாள். புகைதான் என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து இதை எழுத உட்கார்ந்தேன். நான் எழுதுவது அரபு எழுத்தில் தமிழ். உனக்கோ எந்த எழுத்தும் தெரியாது. நீ இருந்திருந்தால், வழக்கம்போல் நானே உனக்குப் படித்துக் காட்டியிருப்பேன்.

எங்கள் கொல்லைக் கதவுக்கு நீ முதலில் மீன் கூடையோடுதான் வந்தாய். நான் முற்றிய ஓலையை வைத்துக்கொண்டு பெட்டி முடையப் பார்த்துக்கொண்டிருந்தேன். மடிக்கிற இடமெல்லாம் ஒடிந்தது. கூடையை இறக்கிவிட்டுச் சிரித்தாய்.

"இன்னாக்கா, இதுகூட மல்லுக்கட்டினு இருக்க? விரியாத குருத்து வேணும். எங்க குப்பத்தாண்ட நெறைய கீது."

சொன்னபடியே கொண்டுவந்தாய். அதன்பிறகு ஓலை வீட்டுக்குள் வரும்வரை உன் வேலை, வந்தபின் என் வேலை என்று ஆகிவிட்டது. உன் புருஷன் மரமேறி வெட்டிப் போடுவார். நீ ஈர்க்கைக் கிழித்து நீக்கி, மணலில் பரப்பி, பகல் வெயிலும் ராப்பனியும் படும்படி புரட்டிப் புரட்டிப் போடுவாய். பச்சை வெளுத்தபின் கட்டாகக் கட்டித் தோணியில் ஏற்றி ஏரியைக் கடந்து வருவாய். எங்கள் முற்றத்தில் அதை அவித்து, நிழலில் உலர்த்தி, சிவப்புக்குச் சாயவேரும் நீலத்துக்கு அவுரியும் போட்டு முக்கி எடுப்பேன். ஏரிக்காற்று கீற்றைப் பறக்கடித்துவிடும் என்பதால் உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு முடைவோம். உனக்கு மூலை திருப்ப மட்டும் கடைசிவரை வரவில்லை. "என் பொட்டி மட்டும் அலையில மாட்ன தோணி மாதிரி சாயுதே" என்று நீயே சொல்லிச் சிரிப்பாய். மீன் வாடை என்று முதலில் முகம் சுளித்த என் மாமி, பிறகு நீ வராத நாளில் "அந்தப் புள்ளய இன்னும் காணமே" என்று வாசலை எட்டிப் பார்ப்பார்.

என் வீட்டுக்காரர் அப்போது கீழ்த்திசைக் கப்பலில் போயிருந்தார். பேச்சு வருமுன்னே இரண்டு பிள்ளைகளை மண்ணுக்குக் கொடுத்திருந்தேன். மூன்றாவது மகன் மடியில் இருந்தான். அதெல்லாம் உனக்குத் தெரியும். கிணற்றடியில் கைகால் கழுவாமல் நீ அவனைத் தூக்கியதே இல்லை.

மழை பொய்த்த வருஷம் அது. ஒரு காலை, கோட்டைக்குத் தெற்கே நாம் வழக்கமாகச் சந்திக்கிற கரையில் காத்திருந்தேன். நீ வந்தாய். ஆனால் தோணியைக் கரையேற்றவில்லை. இடுப்பளவு தண்ணீரிலேயே கோலை ஊன்றி நின்றாய்.

"ஏன்டி அங்கேயே நின்னுட்ட?"

"கிட்ட வராதக்கா. எங்கூட்ல ஆத்தா வந்துக்கிறா. பாப்பாவுக்கு முத்து போட்டிருக்கு."

நான் தண்ணீரில் இறங்கப் போனேன். நீ கத்தினாய். உன்னிடம் அப்படி ஒரு குரலை அதுவரை நான் கேட்டதில்லை.

"புள்ளக்காரி நீ! போ அந்தாண்ட!"

நான் பின்வாங்கியபின் இறங்கிவந்து ஓலைக்கட்டை மணலில் வைத்தாய். "உள்ள எடுத்துனு போவாத. வெய்யில்லயே கெடக்கட்டும். நல்லா கொதிக்கவெச்சு அப்புறமா தொடு" என்றாய். மகளுக்கு உடம்பு சரியில்லாதபோதும், எனக்குத் தருவதாகச் சொன்ன ஓலையை நீ நிறுத்தவில்லை.

மறுநாள் முதல் நான் கஞ்சியும் இளநீரும் கரையில் வைத்துவிட்டு விலகி நிற்பேன். நீ வந்து எடுத்துக்கொள்வாய். பாப்பா எப்படி என்று நான் கத்துவேன். கண் திறந்தாள், தண்ணீர் குடித்தாள் என்று நீ கத்துவாய். ஒருநாள் தோணியில் உன் புருஷன் மட்டும் வந்தார்.

"பாப்பா பொழச்சுக்கிச்சும்மா, தலைக்குத் தண்ணி ஊத்தியாச்சு. இப்ப இவ படுத்துட்டா."

அடுத்தமுறை அவர் வந்தபோது நான் வைத்திருந்த கஞ்சியை எடுக்கவில்லை. தோணியில் உட்கார்ந்தபடி தலையில் அடித்துக்கொண்டார்.

அந்த ஓலைக்கட்டை எரித்துவிடச் சொன்னார்கள் வீட்டில். நான் கேட்கவில்லை. நீ சொன்னபடி வெயிலில் போட்டேன். அவித்தேன், உலர்த்தினேன், மனம் ஆறாமல் மறுபடி அவித்தேன். சாயம் ஏற்றவில்லை. வெள்ளையாகவே ஒரு பெட்டி முடைந்தேன். ஊரில் நோய் அடங்கி, குப்பத்துக்குப் போகலாம் என்று ஆனபோது, அதில் வெல்லமும் அவலும் வைத்து எடுத்துக்கொண்டு தோணி ஏறினேன்.

உன் மகள் குடிசையைவிட்டு வெளியே வரவில்லை. முகத்து வடுவுக்காக வெட்கப்படுகிறாள் என்று உன் புருஷன் சொன்னார். வாசல் மணலில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்து அவள் குரல் மட்டும் வந்தது.

"எங்கம்மாவப் பாக்க நீ ஏன் வரல?"

"வரவேணாம்னு உங்கம்மாதான் சொன்னா, கண்ணு."

"எங்கிட்டயும்தான் சொன்னா. நைனாகிட்டயும் சொன்னா. கிட்ட வராதன்னு கத்தினா. நான் போய்ப் படுத்துக்கினேன்."

அவளே சொல்லிக்கொண்டு போனாள். உன் பக்கத்தில் ஒருக்களித்துப் படுத்து, எப்போதும்போல் உன்மேல் காலைப் போட்டுக்கொண்டாளாம். நீ தள்ளிப் பார்த்தாயாம். அப்புறம் தள்ளவில்லையாம்.

"மொதல்ல சுட்டுச்சு. அப்புறம் சுடல. நான் தூங்கிட்டேன்."

இத்தனை நாளும் யாருமில்லாமல் நீ கிடந்ததாக நினைத்து நினைத்துதான் எனக்குச் சோறு இறங்காமல் இருந்தது. அந்தக் குழந்தைக்கு அது தெரியாது. அவள் மெதுவாக வெளியே வந்தாள். வடு விழுந்த முகத்தை என் தோளில் மறைத்துக்கொண்டு மடியில் உட்கார்ந்தாள். நோயில் பாதியாகியிருந்தாள். ஆனாலும் நன்றாகக் கனத்தாள். இன்றைக்கு அவளுக்கே பிள்ளைகள் இருக்கிறார்கள். என் மடியில் மட்டும் அந்தக் கனம் இன்னும் இருக்கிறது.