மெஷின் நெற்றியில் ஒட்டிய கொடி

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் தொல்லை, அதாவது தங்கை, எழுதுவது. எல்லோரும் சுகம் என்று எழுதச் சொன்னாள் அம்மா. அப்பாவின் கால் ஒத்துக்கொள்ளவில்லை. செருப்புக்குள் நுழையாத அளவுக்கு மறுபடி வீங்கிவிட்டது.

ரத்தம் சுத்தம் செய்யும் மெஷினை நீ வேலை பார்க்கும் நாடுதானே நம் ஆஸ்பத்திரிக்குக் கொடுத்தது? நெற்றியில் கொடி ஸ்டிக்கரோடு வந்ததே, அதுதான். இப்போது அவர்களுக்கு ஆகாத நாடு புது வார்டு கட்டிக் கொடுத்திருக்கிறது. அந்தக் கொடி உள்ளே இருந்தால் திறப்பு விழாவே கிடையாதாம். மெஷினைத் துணி போட்டு மூடி வராந்தாவில் தள்ளிவிட்டார்கள். அப்பாவுக்கு ரத்தம் சுத்தம் செய்வது இரண்டு முறை தவறியது. பெரிய டாக்டரிடம் சண்டைக்குப் போனேன். "மேலிடத்து விஷயம்மா, நமக்கெதுக்கு?" என்றார். படுத்திருப்பது மேலிடத்தின் அப்பாவா?

என் புத்திதான் உனக்குத் தெரியுமே. ஸ்டிக்கர் கடைக்காரரைத் தாஜா பண்ணி வார்டுக்காரர்களின் கொடியை வாங்கி, பழையதன்மேல் ஒட்டிவிட்டேன். பெரிய டாக்டர் ஸ்டிக்கரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், உள்ளே தள்ளச் சொன்னார். விழாவுக்கு வந்த அவர்கள் நாட்டுத் தூதர் மெஷினைத் தடவி, எங்கள் நாட்டுத் தரம் பாருங்கள் என்று பூரித்தார். ஊசியும் கையுமாகப் படுத்திருந்த அப்பா சிரித்த சிரிப்பில் நர்ஸக்கா என்னைத்தான் திட்டினாள்.

தூதர் மெஷினைத் தடவிய போட்டோ பேப்பரில் வந்தது. நீ இருக்கும் நாட்டுக்காரர்கள் தங்கள் மெஷினைக் கண்டுபிடித்து, அதற்கு மாதாமாதம் அனுப்பும் ஃபில்டரை நிறுத்திவிட்டார்கள். தூதரிடம் கேட்டால், எங்கள் மெஷின் இல்லையே என்கிறாராம். தடவும்போது தெரியவில்லையா? மிச்சம் நாலு ஃபில்டர். வாரம் இரண்டு முறை என்பதை ஒன்றாக்கிவிட்டார்கள்.

இரண்டு பேருக்கும் நாம் உயிர் நண்பர்களாம். வார்டு அவர்களுடையது, மெஷின் இவர்களுடையது. கிட்னி மட்டும்தான் நம்முடையது. அதுதான் வேலை செய்யவில்லை.

என்னால்தான் ஃபில்டர் நின்றது என்று அம்மாவிடம் சொல்லவில்லை. அப்பாவிடம் சொன்னேன். "உன்னாலதான் மூணு வாரம் செருப்பு மாட்டி நடந்தேன், போடி வாலு" என்றார். திட்டியிருக்கலாம்.

அண்ணா, அங்கே ஃபில்டர் அனுப்புகிறவர்கள் ஆபீசுக்குப் போ. ஒட்டியது அப்பா இல்லை, ஆஸ்பத்திரி இல்லை, நான்தான் என்று சொல். மன்னிப்புக் கடிதம் தனித்தாளில் வைத்திருக்கிறேன். அதில் ஒரு கிண்டல்கூட இல்லை, மூன்று முறை படித்துப் பார்த்துவிட்டேன். வேண்டுமானால் அவர்கள் கொடியை என் நெற்றியில் ஒட்டிக்கொள்கிறேன். ஃபில்டரை மட்டும் அனுப்பச் சொல்.

நேரத்துக்குச் சாப்பிடு. சீக்கிரம் போ.

இப்படிக்கு,
இனி எதையும் ஒட்டாத
உன் வாலு

பி.கு.: உறைக்குத் தபால்தலையைக்கூட அம்மாவைத்தான் ஒட்டச் சொன்னேன். என்ன எழுதினாய் என்று அவள் கேட்கவில்லை.