லண்டன் விசைப்பலகை

சார்,

இன்று காலை பங்சார் எல்.ஆர்.டி. ரயில் நிலையத்தில் யாரோ ஒருவர் என்னைக் கடந்து போனார். நீங்கள் பூசிக்கொள்ளும் அதே சென்ட். தள்ளி நின்றுகொண்டேன். கிள்ளானில் உங்கள் சாவு வீட்டில் உங்களைக் ‘கம்ப்யூட்டர் புலி’ என்று புகழ்ந்தார்கள். அங்கே வாயை மூடிக்கொண்டு வந்தேன். இங்கே மூடப்போவதில்லை.

தொண்ணூறுகளின் கடைசி. பிரிக்ஃபீல்ட்ஸில் கடைவீட்டு மாடியில் நம் அலுவலகம். நீங்கள் மேனேஜர், நானும் சரோஜாவும் உங்களுக்குக் கீழே. விண்டோஸ் ஓடும் கணினிக்குள் ஒரு ஜன்னல் திறந்து, அதில் லினக்ஸை ஓட வைத்திருந்தாள் சரோ. கணினிக்குள் இன்னொரு கணினி. வெர்ச்சுவல் மெஷின் என்பார்கள். அப்போது அது எங்களுக்கே அதிசயம். கிள்ளான் கப்பல் கம்பெனிக்காரர்களுக்கு அதை ஒரு திங்கட்கிழமை மதியம் காட்டியாக வேண்டும்.

அன்று காலையில் அந்த லினக்ஸுக்குள் நுழையும் பாஸ்வேர்டு ஏறவில்லை. முதலாளி பக்கத்தில் நிற்கிறார் என்றதும் உங்களுக்கு வீரம் வந்துவிட்டது.

“பாஸ்வேர்டை மாத்திட்டியா சரோ? கஸ்டமரத் தூக்கிக்கிட்டு வேற கம்பெனிக்கு ஓடப் பாக்கிறியா?”

“நான் தொடவே இல்ல சார்.”

அவளே அடித்துக் காட்டினாள். ஏறவில்லை.

“பாத்தீங்களா பாஸ், என்னமா நடிக்கிறா!” என்றீர்கள். டிஸ்கெட் ஏதும் கடத்துகிறாளா என்று பார்க்க, அவள் கைப்பையைப் பிடுங்கி மேசைமேல் கவிழ்த்தீர்கள். சாப்பாட்டு டப்பா, சீப்பு, அம்மாவின் மாத்திரைகள், பெண்கள் யாரும் வெளியே காட்டாத ஒரு பொட்டலம். முதலாளி தலையைத் திருப்பிக்கொண்டார். நீங்கள் திருப்பவில்லை. ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு அவள் படியிறங்கிப் போனாள்.

நான் அவள் நாற்காலியில் உட்கார்ந்தேன். பாஸ்வேர்டு அடிக்கும்போது எழுத்து திரையில் தெரியாது. அதனால் எங்கள் பாஸ்வேர்டைப் பெயர் கேட்கும் இடத்தில் அடித்துப் பார்த்தேன். @ விழ வேண்டிய இடத்தில் இரட்டை மேற்கோள்குறி விழுந்தது. மேற்கோள்குறி விசையை அழுத்தினால் @ வந்தது. நம் மேசையில் இருந்தது அமெரிக்க விசைப்பலகை. உள்ளே இருந்த லினக்ஸோ அதைப் பிரிட்டிஷ் என்று நினைத்துக்கொண்டிருந்தது. குறியை இடம் மாற்றி அடித்ததும் கதவு திறந்தது.

“யாரு இத மாத்துனது?” என்றார் முதலாளி.

நீங்கள் டையைச் சரிசெய்தீர்கள். “வெள்ளிக்கிழம நான்தான் செட்டிங் பாத்தேன். லண்டன்ல படிச்சவன்லா நான், எதுக்கு அமெரிக்கன் கீபோர்டு? சின்ன சிஸ்டம் பிராப்ளம், அவ்ளோதான்.”

சரோவுக்குப் போன் போட்டு மன்னிப்புக் கேளுங்கள் என்று உங்களிடம் சொன்னேன்.

“மேனேஜர் போயி சாரி கேக்கறதா? நாளைக்கி வரச் சொல்லு லா.”

மதியம் வந்தவர்களிடம் எல்லாம் நீங்களே செய்ததாகச் சொல்லிக் கை குலுக்கினீர்கள். உங்களுக்கு ஒரு கட்டளைகூட ஒழுங்காக அடிக்கத் தெரியாது.

அன்று மாலை பஸ் ஏறிக் கிள்ளானில் இருந்த அவள் வீட்டுக்குப் போனேன். சரோ வாசல் கேட்டருகில் நின்றே எல்லாவற்றையும் கேட்டாள்.

“அப்ப இப்பத்தான் நான் திருடி இல்லன்னு ஆச்சா, தேவி? பையைக் கொட்டுனப்பவும் நான் திருடி இல்லதானே?”

அவள் திரும்பி வரவில்லை. பூச்சோங்கில் வேறு வேலை கிடைத்தது; நன்றாகவே இருக்கிறாள். கொஞ்ச நாளில் நானும் விலகினேன். ‘நன்றி கெட்டதுங்க’ என்று எங்களைப் பற்றி ஊரெல்லாம் சொன்னீர்களாம். பெருமையாக இருந்தது.

கோபம் என்றால் இத்தனை வருடத்தில் ஆறியிருக்கும். எனக்கு உங்கள்மேல் இருப்பது அருவருப்பு. அதற்கு ஒரு பயன் உண்டு. எனக்குக் கீழே இப்போது பிள்ளைகள் வேலை பார்க்கிறார்கள். ஏதாவது திறக்காமல் அடம்பிடித்தால், அவர்களைச் சந்தேகமாகப் பார்க்க என் கண்ணும் ஒரு கணம் திரும்பத்தான் செய்கிறது. உடனே உங்கள் முகம் ஞாபகம் வருகிறது. குனிந்து கீபோர்டைப் பார்க்கிறேன்.

தேவி