வலப்பக்கத்து இதயம்

ஒகாசாகி,
ஜூன் 14

அன்பு மகள் மிஹாருவுக்கு,

போனில் எனக்குப் பேச வராது. ஆகவே எழுதப்போவதை முதலிலேயே வரிசைப்படுத்திக்கொள்கிறேன்.

1. சென்ற மாதம் நான் போனில் சொன்னது.
2. அதன் பிறகு ஆய்வகத்து மெதாகா மீன்களிடம் பார்த்தது.
3. பிரசவத்துக்கு நான் சப்போரோ வராமலிருப்பதே நல்லது என்பது.

குழந்தையின் இதயம் வலப்பக்கம் இருப்பதாக ஸ்கேனில் தெரிந்த அன்று, "அப்பா, உங்க மீன்லயும் இப்படி வருமே, அதெல்லாம் பொழைக்குமா?" என்று கேட்டாய். பிழைத்து நான் பார்த்ததில்லை என்றேன். அது உண்மை. அன்றிலிருந்து நீ சரியாகச் சாப்பிடுவதில்லை என்று மாப்பிள்ளை எழுதியிருக்கிறார். உறுப்புகள் எல்லாமே ஒழுங்காகப் பக்கம் மாறியிருக்கின்றன, இதயத்தில் குறையில்லை என்று மருத்துவர் சொல்வதையும் நீ நம்பவில்லையாம். என்னைத்தான் நம்புகிறாயாம்.

இரண்டாவது. ஓய்வுபெற்ற பிறகும் ஆய்வகத்தில் எனக்கு ஒரு மேசையை விட்டுவைத்திருக்கிறார்கள். மீன்தொட்டிகளைப் பார்த்துக்கொள்ளும் கவாஷிமா அம்மாளிடம் உன் செய்தியைச் சொன்னேன். தீனி போட்டுக்கொண்டே அவர், "ஏன் பெரியவரே, முட்டையை நாலாம் நாளே மருந்துல போட்டுக் கொன்னுடுறீங்க. அப்புறம் 'அது பொழைச்சு நான் பார்த்ததில்லை'ன்னு சொன்னா, எப்படிப் பார்ப்பீங்களாம்?" என்றார்.

முப்பத்தெட்டு ஆண்டுகள். முட்டைக்குள் இதயம் எந்தப் பக்கம் வளைகிறது என்று எண்ணிக் குறித்ததும் எங்கள் வேலை முடிந்துவிடும். பொரிக்கும்வரை வைத்துப் பார்க்க எனக்குத் தோன்றியதே இல்லை.

இம்முறை காத்திருந்தேன். இதயம் பக்கம் மாறிய முட்டைகள் பதினொன்றைத் தனியே எடுத்து, தினமும் நீர் மாற்றினேன். பத்தாம் நாள் பொரிக்கத் தொடங்கின. இரண்டு இறந்தன, சாதாரண முட்டைகளிலும் ஒன்றிரண்டு போகும். மற்ற ஒன்பதும் தீனிக்கு முண்டியடிக்கின்றன. மீனை வைத்து மனிதக் குழந்தைக்கு உறுதி சொல்லக்கூடாது. உன் மருத்துவரை நம்பு. அவர் பார்த்ததைச் சொல்கிறார். நான் பார்க்காததைச் சொன்னேன்.

மூன்றாவது. என் முகத்தைப் பார்த்தாலே உனக்கு நான் சொன்னதுதான் நினைவுக்கு வரும். எனக்குச் சமைக்கத் தெரியாது. குழந்தையைத் தூக்கிப் பழக்கமில்லை. நீ பிறந்த அன்றுகூட மாலைவரை முட்டை எண்ணிக்கொண்டிருந்துவிட்டுத்தான் மருத்துவமனைக்கு வந்தேன்.

எழுதியதைப் படித்துப் பார்க்கிறேன். எல்லாம் என்னைப் பற்றியே இருக்கிறது. உனக்கு யார் வேண்டும் என்பது இதில் எங்குமே இல்லை.

வேளைக்குச் சாப்பிடு, அம்மா. நீயும் குழந்தையும் நலமாக இருக்கவேண்டும். வேண்டாம் என்று நீ எழுதாவிட்டால் ஜூலை முதல் வாரம் கிளம்புகிறேன். மூன்றாவதாக நான் சொன்னது தவறு.

உன் அப்பா,
நோபுஹிகோ