குறுக்கே போன சால்

பங்கிராஸ் அண்ணனுக்கு,

ஏரை என் கையில் கொடு. பெண் மேழியைத் தொட்டால் மழை பெய்யாது, அதை வாய்விட்டுக் கேட்கவும் கூடாது என்று அம்மா தடுத்திருந்தாலும் கேட்கிறேன்.

கம்மஞ்சோறு உறியில் இருக்கிறது. மோர் ஊற்றிக் கரைத்துக்கொள்.

நேற்றைய மழைக்குப் பிறகு கரட்டுக்காட்டைப் போய்ப் பார்த்தேன். மேலிருந்து கீழாக நீ உழுத பாதியில் ஒவ்வொரு சாலும் வாய்க்காலாகி, முளைத்த தீவனச் சோளத்தையும் மண்ணையும் ஓடையில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டது. நான் மண்வெட்டியால் சரிவுக்குக் குறுக்கே சால் வெட்டி, கல் அடுக்கி, கொழுக்கட்டைப் புல் நட்ட பாதியில் தண்ணீர் நின்று ஊறியிருக்கிறது. ஒரு முளைகூட அசையவில்லை. "மெட்ரிகுலேசன் தேறுன புள்ளைக்கு நேரா ஒரு சால் போடத் தெரியல, பாம்பு போன தடமாட்டம் கெடக்கு" என்று ஊர் கேட்கச் சிரித்தாயே, அந்தக் கோணல்தான் மண்ணைப் பிடித்தது. இந்த வீட்டில் முதலில் படித்தவள் நான். பெருமையாகத்தான் இருக்கிறது.

உன் பாதியை மறுபடி நேராக உழுதால் அடுத்த மழையில் பாறைதான் மிஞ்சும். போன கோடையில் தின்னச் சோளத்தட்டை இல்லாமல் செவலைக் காளை செத்தது போதும்.

மொக்கைச்சாமி மாமா விதைச் சோளம் கொண்டுவருவார். வாங்கிக்கொண்டு கரட்டுக்கு வா.

செபஸ்தியம்மாள்

நீ கொடுப்பாய் என்று காத்திருக்கவில்லை. மாடுகளைப் பூட்டிவிட்டேன். உன் பாதியைக் குறுக்கே உழப் போகிறேன். அம்மாவிடம் நீயே சொல்லிவிடு.