குறைத்த பத்து மார்க்

அன்புள்ள அண்ணன் மகளுக்கு,

அத்தை எழுதுகிறேன். வேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்புகிறேன். அழுதுகொண்டு பட்டினி கிடந்தால் வைவேன்.

உன் கணவரிடம் போனில் எது கேட்டாலும் "ஒண்ணுமில்ல, சரியாயிடும்" என்கிறார், நீங்களாவது மறைக்காமல் எழுதுங்கள் என்றாய். அவர் பஸ் ஓட்டுகிறவர். தேவைக்கு மேல் ஹாரன் அடிக்கமாட்டார். நான் எழுதுகிறேன்.

முதலில் என் தவறு. உன் மகளுக்கு, நம் வாலுக்கு, ஐந்து மாதம் முன்பே குரல் கரகரத்தது. பள்ளியில் கத்தி விளையாடித் தொண்டையைக் கெடுத்துக்கொண்டாள் என்று முடிவு கட்டினேன். முப்பத்தாறு வருடம் பிள்ளைகளுக்குச் செய்யுள் ஒப்பிக்கக் கற்றுக்கொடுத்தவளாயிற்றே, குரலைப் பற்றி எனக்குத் தெரியாதா என்ற எண்ணம். தினமும் இரண்டு மணி நேரம் வாய் திறக்கக் கூடாது என்று சட்டம் போட்டேன். கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள், பாவம். ஒப்பித்துக் காட்டியபோது கரகரப்புக்காகப் பத்து மார்க் குறைத்தேன். "மிஸ், நான் சரியாத்தானே சொன்னேன்?" என்று கேட்டாள். வீட்டிலும் என்னை மிஸ் என்றே கூப்பிடுகிறாள், உனக்குத்தான் தெரியுமே.

பக்கத்துத் தெரு டாக்டர் ஆஸ்துமா என்று மருந்து கொடுத்தார். ஒருநாள் மாடிப்படி ஏறும்போது அவள் மூச்சு இழுக்கையில் விசில் மாதிரிச் சத்தம் கேட்டது. அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். மூக்கு வழியாக மெல்லிய குழாய் விட்டுப் பார்த்தார்கள். குரல்வளையில் கட்டி. மயக்க மருந்து கொடுத்துத் துளி சதை எடுத்துச் சோதித்ததில் புற்றுநோய் என்று வந்தது. தசையிலிருந்து கிளம்பும் வகையாம். குழந்தைகளுக்கு அந்த இடத்தில் வருவது அபூர்வமாம். "ஒன்பது வயசுல இத யாரும் சந்தேகப்பட மாட்டாங்கம்மா" என்று பெண் டாக்டர் சொன்னார். ஆறுதலுக்குச் சொன்னதை ஆறுதலாக எடுத்துக்கொள்ள எனக்குத் தெரியவில்லை.

நல்ல செய்தி: நுரையீரலுக்குப் பரவவில்லை. மூன்று வாரத்துக்கு ஒருமுறை மருந்து ஏற்றுகிறார்கள். பிறகு கதிர்வீச்சு. குரல்வளையை எடுப்பது வேறு வழியே இல்லாவிட்டால்தான் என்கிறார்கள்.

மூச்சு அடைக்காமலிருக்கக் கழுத்தில் சிறு துளை போட்டுக் குழாய் வைத்திருக்கிறார்கள். அதனால்தான் போனில் அவள் பேசவில்லை. உன்மேல் கோபம் என்று நினைக்காதே. சளியை உறிஞ்சும் கருவியை நானே கையாளக் கற்றுக்கொண்டேன். "என்னையே மிஞ்சிட்டீங்க மிஸ்" என்றாள் நர்ஸ்.

முடி கொட்டிவிட்டது. எதிர்வீட்டுத் தையற்காரம்மா ஏழு தொப்பி தைத்துக் கொடுத்தாள். வாலு பலகையில், "அப்பாவுக்கும் ஒண்ணு தைங்க, அவருக்கும் வழுக்கைதானே" என்று எழுதிக் காட்டினாள். அந்தம்மா தைத்துத் தந்ததைப் போட்டுக்கொண்டே உன் கணவர் டிப்போவுக்குப் போனார்.

இரண்டு சுற்று முடிந்து, கட்டி சுருங்கியிருக்கிறது. போன வியாழக்கிழமை டாக்டர் குழாயின் வாயை விரலால் மூடி, பேசிப் பார் என்றார். நானும் உன் கணவரும் கட்டிலின் இரண்டு பக்கமும் நின்றோம். காற்றுத்தான் வந்தது. மறுபடி முயன்றாள். "மிஸ்... இப்ப எத்தன மார்க்கு?" என்றாள். பழைய கரகரப்பேதான். எத்தனையோ பிள்ளைகள் ஒப்பிக்கக் கேட்டிருக்கிறேன், அப்படி ஒரு குரலைக் கேட்டதில்லை. குறைத்த பத்தையும் திருப்பிப் போட்டு நூறு என்றேன். அதற்குமேல் என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

உனக்கு வெளிநாட்டு வேலை ஒப்பந்தம் முடிய ஏழு மாதம் இருக்கிறது என்று தெரியும். "போ, பிள்ளைய நான் பார்த்துக்கிறேன்" என்று உன்னை அனுப்பியவளும் நான்தான். உன் மாமா போன நாளிலிருந்து நான் யாரிடமும் எதையும் கேட்டதில்லை. இப்போது உன்னிடம் கேட்கிறேன். அடுத்த மாதம் பதினாலாம் தேதி ஸ்கேன். பலகையில் அந்தத் தேதியை எழுதி, பக்கத்தில் "அம்மா" என்று போட்டு வைத்திருக்கிறாள். அழிக்கவும் விடவில்லை.

கடவுள் உனக்குத் துணையிருக்கட்டும். வாம்மா.

உன் அத்தை