பதினைந்தாவது பெயர்

6 பெப்ரவரி 1984, திங்கள்

கடும் பனி. வரம்பில் நிற்கும் ஆளைத் தெரியவில்லை. இரணைமடுக் குளத்துப் பக்கமிருந்து யானை மறுபடியும் இறங்கி அரை ஏக்கரை உழக்கிவிட்டுப் போயிருக்கிறது. பத்து நாளில் அறுக்க வேண்டிய நெல்.

பத்து மணிக்கு முன்னேற்றச் சங்கக் கூட்டம். பொலிஸ் இன்ஸ்பெக்டர் வந்தார். பொலிசும் ஊரும் சேர்ந்து விழிப்புக் குழு அமைக்க அரசாங்கம் பணம் ஒதுக்கியிருக்கிறதாம். கிடைக்கப்போவது: ஆளுக்கொரு டோர்ச், காவல் கொட்டிலுக்குத் தகரமும் சீமெந்தும், படம் ஒட்டி பொலிஸ் முத்திரை குத்திய அட்டை. பதினைந்து பேர் சேர்ந்தால்தான் பணம். செயலாளர் நான், ஆகவே பட்டியல் என் தலையில்.

எங்கள் ஊருக்கு டோர்ச் என்றால் யானை விரட்டத்தான். "புது ஆக்கள் நடமாடினால் உடனே எங்களுக்கு அறிவிக்கவேணும்" என்று இன்ஸ்பெக்டர் சொன்னபோது, எல்லாரும் கொட்டிலை எந்த வாய்க்காலடியில் போடுவது என்று கதைத்துக்கொண்டிருந்தார்கள். நானும்தான்.

பதினாலு பேர் சேர்ந்தார்கள். ஒன்று குறைவு.

7 பெப்., செவ்வாய்

வேலி அடைக்க முத்துவேலு வந்தான். அவனைக் கேட்டேன். மலைநாட்டுத் தோட்டத்து ஆள். 77 கலவரத்தில் குடியிருந்த லயம் எரிந்தபோது பிறப்புப் பத்திரம் எல்லாம் அதோடு போயிற்று. இங்கே காடு வெட்டித் திருத்திய இரண்டு ஏக்கருக்குப் பெர்மிட் இல்லை. பிரசாவுரிமை கேட்டு அலைகிறான்.

"எனக்கு எதுக்குங்கய்யா பொலிசு சகவாசம்?"

"உன்ர பேரும் படமும் போட்டு அட்டை தருவாங்கள். காணி அலுவலுக்கு உதவும்."

உதவுமா என்று எனக்குத் தெரியாது. எனக்கு ஒரு பெயர் தேவைப்பட்டது, அவ்வளவுதான். பெயரை நான் எழுதினேன், அவன் பெருவிரல் வைத்தான். படம் எடுக்க என் வெள்ளைச் சட்டையை இரவல் வாங்கிக்கொண்டு போனான்.

வாங்க: மண்ணெண்ணெய், வேலிக்குக் கம்பி, மனிசிக்கு இருமல் மருந்து.

2 மார்ச், வெள்ளி

வெயில். அறுத்து, சூடு மிதித்து, நெல்லும் வீட்டுக்கு வந்தபிறகு டோர்ச்சும் அட்டையும் வந்திருக்கிறது. அரசாங்கம்! தகரம் பாதிதான் வந்தது. மீதி எங்கே என்று கேட்கவில்லை.

முத்துவேலு அட்டையைப் பொலித்தீன் பையில் போட்டு மடியில் செருகினான். டோர்ச்சைத் திரும்பியும் பார்க்கவில்லை. சட்டையை இன்னும் தரவில்லை. நானும் கேட்கவில்லை.

10 மார்ச், சனி

கொட்டில் தகரத்தில் காகிதம் ஒட்டியிருக்கிறது. திருத்தமான கையெழுத்து. விழிப்புக் குழுக்காரர் பொலிசுக்கு ஆள் காட்டுபவர்கள், மூன்று நாளுக்குள் டோர்ச்சையும் அட்டையையும் கொட்டிலில் வைத்துவிட்டு விலகவேண்டும், இல்லையேல் தண்டனை. துவக்குத் தூக்கின இயக்கப் பொடியளின் வேலை.

மனிசி ஒரே பேச்சு: "உங்களுக்கு ஏன் இந்த வேலை? ஆர் கேட்டது?"

மத்தியானத்துக்குள் கொட்டிலில் பதினாலு டோர்ச், பதினாலு அட்டை. என்னுடையதுதான் முதலில்.

11 மார்ச், ஞாயிறு

முத்துவேலு டோர்ச்சை மட்டும் கொட்டிலில் வைத்துவிட்டுப் போயிருக்கிறான். அவன் வீட்டுக்குப் போனேன்.

"அட்டையையும் வைச்சிடு, மடையா. உயிரோட விளையாடாதை."

"முத்திரை குத்துன காயிதம்னு என்கிட்ட இருக்கிறது இது ஒண்ணுதாங்கய்யா. காணிக்கு உதவும்னு நீங்கதானே சொன்னீங்க?"

அது பொய் என்று சொல்ல வாய் வரவில்லை. அவன் மனைவி பாக்கியம் தேத்தண்ணீர் தந்தாள். குடித்துவிட்டு வந்தேன்.

14 மார்ச், புதன்

பிரசாவுரிமை விசாரணைக்கு முத்துவேலு வவுனியா போய் வந்தான். என் சட்டையோடுதான். வழியில் ஆமி பஸ்ஸை மறித்து எல்லாரையும் இறக்கி வெயிலில் முழங்காலில் வைத்ததாம். இவன் அட்டையைக் காட்டியிருக்கிறான். பொலிஸ் முத்திரையைப் பார்த்துவிட்டு, "நீ ஏறி இரு" என்று சொல்லிவிட்டார்களாம்.

"பஸ்ஸு பூரா பார்த்துக்கிட்டு இருந்திச்சுங்கய்யா! நான் மட்டும் சீட்டில!"

இவ்வளவு சந்தோசமாக அவனைப் பார்த்ததில்லை. அந்த பஸ்ஸில் எங்கள் பக்கத்து ஆக்களும் இருந்திருப்பார்கள். இனி அதை எடுத்துக்கொண்டு வெளியே போகாதே என்று மட்டும் சொன்னேன்.

16 மார்ச், வெள்ளி

முத்துவேலுவைக் கொட்டில் தூணில் கட்டிச் சுட்டிருக்கிறார்கள். விடியப் பால் கொண்டுபோனவர்கள் கண்டார்கள். கழுத்தில் 'துரோகி' என்று எழுதித் தொங்கவிட்ட மட்டை. மடியில் பொலிஸ் அட்டை இல்லை.

போய்ப் பார்க்கவில்லை. கால் வரவில்லை என்று எழுதலாம். பயம்.

பட்டியலின் பிரதி அலுமாரியில் இருந்தது. கீழே செயலாளர் என்று என் கையெழுத்து. குசினிக்குக் கொண்டுபோய் அடுப்பில் போட்டேன். மனிசி பார்த்துக்கொண்டு நின்றாள்.

18 மார்ச், ஞாயிறு

மழைக் குணம். பெய்யவில்லை.

பாக்கியம் வந்தாள். சட்டையைத் தோய்த்து, மடித்துக் கொண்டுவந்திருந்தாள்.

"இது உங்களுதுன்னு சொன்னாருங்கய்யா."

இறப்பைப் பதிய அவன் பெயர் உள்ள கடதாசி ஏதாவது வேண்டும் என்று ஊர் அலுவல் பார்க்கும் விதானையார் சொல்லிவிட்டாராம். இறப்பும் பதியாவிட்டால் காணியில் அவளுக்கு ஒரு பிடியும் இல்லை.

"பொலிசுப் பக்கம் போனா என்னையும் கட்டிடுவாங்க. நீங்க எழுதின லிஸ்டுல அவரு பேரும் கைநாட்டும் இருக்குமேங்கய்யா, அது போதாதா?"

தேடிப் பார்க்கிறன் என்று சொன்னேன்.